மூன்று இறக்கை சொல்லும் மூன்று சேதி



மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. பொட்டைச் சுற்றி, விசிறி போல மூன்று கறுப்பு இறக்கைகள். இந்தப் படத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"மின்விசிறி ரிப்பேர் செய்யும் கடை போலிருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்! "கப்பலின் அடியில் சுற்றுமே, அந்தக் காத்தாடிதானே?" என்றும் சிலருக்குத் தோன்றலாம். இரண்டுமே இல்லை. "இங்கே கதிர்வீச்சு இருக்கிறது, கவனம்!" என்று உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி சொல்லும் எச்சரிக்கைக் குறி அது. மூன்று இலை சேர்ந்தாற்போல் இருப்பதால் இதை மூவிலைக் குறி என்று சொல்லலாம்.

சிவப்பு விளக்கைப் பார்த்தால் வண்டி நிற்க வேண்டும். மண்டை ஓட்டுப் படம் போட்ட மின்கம்பத்தில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூவிலைக் குறியின் பொருள் பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரியாததால் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அதை இன்று படித்துவிடப் போகிறோம்.

கதிர்வீச்சு என்றால் என்ன?

சூரியனிலிருந்து ஒளி வருகிறது. அடுப்பிலிருந்து வெப்பம் வருகிறது. ஒரு பொருளிலிருந்து ஆற்றல் இப்படிக் கிளம்பி நாலாபுறமும் பரவுவதுதான் கதிர்வீச்சு. ஒளியைக் கண்ணால் பார்க்கிறோம். வெப்பத்தைத் தோலால் உணர்கிறோம். ஆனால் இவற்றைவிட வலுவான சில கதிர்கள் உண்டு. அவற்றைப் பார்க்க முடியாது. அவற்றுக்கு வாசனை கிடையாது, சத்தமும் கிடையாது. உடம்பைத் துளைத்துக்கொண்டு போனாலும் நமக்குத் தெரியாது.

ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, யுரேனியம் என்ற தனிமம் தானாகவே கதிர்களை வீசுவதை பிரான்சு நாட்டு விஞ்ஞானி பெக்கரல் கண்டார். அதற்குப் பிறகு மேரி கியூரி அம்மையார் ரேடியம், பொலோனியம் ஆகியவற்றைக் கண்டறிந்தார். இப்படித் தானாகக் கதிர் வீசும் பொருள்களைக் கதிரியக்கப் பொருள்கள் என்கிறோம்.

"ஐயோ, அப்படியென்றால் கதிர்வீச்சு என்றாலே ஆபத்தா?" என்று பயந்துவிடாதீர்கள். மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது அல்லவா? அதிலும் மிக மிகச் சிறு பங்கு கதிர் வீசும்! அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வாழைப்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அளவுதான் முக்கியம். உப்பு ஒரு சிட்டிகை என்றால் குழம்புக்கு ருசி. ஒரு படி உப்பைக் கொட்டினால்? அப்படித்தான் இதுவும். அளவோடு, பாதுகாப்போடு பயன்படுத்தினால் எலும்பு முறிவைப் படம் பிடிக்கலாம். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யலாம். ஊசிக் குழலில் உள்ள கிருமிகளைக் கொல்லலாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாமல் பாதுகாக்கலாம். அளவு மீறினால் அதே கதிர் உடலின் செல்களைச் சிதைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் எப்படி எச்சரிக்கையாக இருப்பது? அதற்காகத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரு குறி தேவைப்பட்டது.

குறி பிறந்த கதை

1946ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகம். அங்கே வேலை செய்தவர்கள் சிலர் சேர்ந்து பல படங்களை வரைந்து பார்த்து, கடைசியில் மூவிலைக் குறியைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் உள்ள பொட்டு, கதிர் கிளம்பும் இடம். மூன்று இறக்கைகள், அதிலிருந்து பரவும் கதிர்கள். எவ்வளவு எளிமையான படம், பார்த்தீர்களா?

ஆனால் அப்போது அதன் நிறமே வேறு. நீலப் பின்னணியில் மெஜந்தா நிறம். புடவைக் கடையில் 'ராணி கலர்' என்பார்களே, ஏறக்குறைய அந்த நிறம்தான். நீலம் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியவில்லை. அதனால் சில ஆண்டுகளுக்குள் பின்னணி மஞ்சளாகிவிட்டது. இன்று நம் நாடு உட்பட உலகின் பெரும்பாலான இடங்களில் மஞ்சளில் கறுப்புக் குறியைத்தான் பார்க்கிறோம். அமெரிக்காவில் மட்டும் மஞ்சளில் மெஜந்தா நிறக் குறியையும் காணலாம்.

எங்கெல்லாம் இருக்கும்?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையின் கதவைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கும் சி.டி. அறை, புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் அறை ஆகியவற்றின் கதவிலும் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுக்கும் நேரத்தில் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கும் எரியும். அப்போது கதவைத் திறக்கக் கூடாது. சில தொழிற்சாலைகளில், குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும், காகிதத்தின் கனத்தை அளக்கவும் கதிரியக்கக் கருவிகளை வைத்திருப்பார்கள். அங்கும் இந்தக் குறி இருக்கும்.

சாலையில் போகும் லாரியிலும் நீங்கள் இதைப் பார்க்கலாம். கதிரியக்கப் பொருள் உள்ள பெட்டிகளில் சாய்சதுர வடிவத்தில் ஒரு அட்டை ஒட்டப்பட்டிருக்கும். மேலே மூவிலைக் குறி, அடி மூலையில் 7 என்ற எண். நடுவில் சிவப்புக் கோடுகள் இருக்கும். அவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு கோடு என்றால் பெட்டிக்கு வெளியே கதிர்வீச்சு மிகக் குறைவு. இரண்டு கோடு என்றால் அதைவிடச் சற்று அதிகம். மூன்று கோடு என்றால் இன்னும் அதிகம். படிக்கத் தெரியாதவர்கூடக் கோட்டை எண்ணி எச்சரிக்கையாகலாம்.

இந்தப் பெட்டிகள் மிக உறுதியாகச் செய்யப்பட்டவை. எனவே அப்படி ஒரு லாரி நம்மைக் கடந்து போனால் பயப்பட வேண்டாம். அருகில் போய் நின்று வேடிக்கை பார்க்காமல் இருந்தாலே போதும்.

நீல ஒளியால் வந்த துயரம்

இனி ஓர் உண்மைச் சம்பவம். தென் அமெரிக்காவில் பிரேசில் என்ற நாடு இருக்கிறது. அங்கே கொய்யானியா என்று ஒரு நகரம். அந்த நகரில் கதிர் சிகிச்சை தரும் மருத்துவமனை ஒன்று இருந்தது. அது வேறு இடத்துக்கு மாறியபோது, ஒரு சிகிச்சைக் கருவி மட்டும் பழைய கட்டடத்திலேயே தங்கிவிட்டது. கதவும் காவலும் இல்லாமல் அந்தக் கட்டடம் பாழடைந்து கிடந்தது.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 13. பழைய இரும்பு பொறுக்கும் இரண்டு இளைஞர்கள் உள்ளே நுழைந்தார்கள். கனமான உலோகம் கண்ணில் பட்டது. "நல்ல விலைக்குப் போகும்" என்று கழற்றி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அன்றே இருவருக்கும் வாந்தி தொடங்கியது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள்.

சில நாட்களில் அந்த உலோகம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதற்குள் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் தூள் இருந்தது. எடை 100 கிராமுக்கும் குறைவுதான்! இரவில் கடைக்காரர் பார்த்தார். உலோகத்துக்குள்ளிருந்து அழகான நீல ஒளி!

"இது ஏதோ அபூர்வமான பொருள்" என்று அவர் மகிழ்ந்து போனார். வீட்டுக்குள் எடுத்துச் சென்றார். உறவினர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி மணி அளவுத் துண்டுகளை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். திருவிழாவுக்கு மினுமினுப்புப் பூசிக்கொள்வதுபோல் சிலர் அதை உடம்பில் தேய்த்துக்கொண்டார்கள். கடைக்காரரின் சகோதரரும் கொஞ்சம் வாங்கிப் போனார். அவருக்கு 6 வயதில் ஒரு மகள். அவள் அந்தத் தூளைத் தொட்டு விளையாடினாள். அதே கையோடு சாப்பிட்டாள்.

ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். இதைக் கவனித்தவர் கடைக்காரரின் மனைவி. "அந்தப் பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் உடம்பு கெடுகிறது" என்று அவருக்குத் தோன்றியது. மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டு, கடையில் வேலை செய்த ஒருவரின் உதவியுடன் பேருந்தில் ஏறி, செப்டம்பர் 28ஆம் நாள் சுகாதார அலுவலகத்தில் கொண்டு போய்க் கொடுத்தார்.

மறுநாள் ஒரு இயற்பியல் நிபுணர் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வந்தார். தூரத்தில் வரும்போதே கருவியின் முள் உச்சிக்குப் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நின்றது. "கருவி கெட்டுவிட்டது போலிருக்கிறது" என்று திரும்பிப் போய் வேறொன்றை எடுத்து வந்தார். அதுவும் அதையே காட்டியது! அப்போதுதான் உண்மை புரிந்தது. அதற்குள் தீயணைப்பு வீரர்கள் அந்தப் பையை ஆற்றில் வீசிவிடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளையாக அவர் தடுத்துவிட்டார்.

அந்த 6 வயதுச் சிறுமி இறந்து போனாள். துணிச்சலாகச் செய்தி சொன்ன கடைக்காரரின் மனைவியும் இறந்தார். கடையில் வேலை செய்த இரண்டு பேரும் இறந்தனர். நகரத்து விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து, சுமார் 1,12,000 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 249 பேர் மீது கதிரியக்கத் தூள் பட்டிருந்தது. சில வீடுகளை இடித்து, மண்ணையே சுரண்டி அள்ள வேண்டியதாயிற்று.

சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. அதாவது 1987இல் 100 பங்கு இருந்தால் 2017இல் 50 பங்கு இருக்கும். 2047இல் 25 பங்கு. அவ்வளவு மெதுவாகத்தான் அது குறையும். அங்கே அள்ளிய மண்ணும் கழிவுகளும் ஏன் இன்றும் தனியாகக் காவலில் இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

இந்தக் கதையில் யாருமே கெட்டவர் இல்லை, கவனித்தீர்களா? அவர்கள் யாருக்கும் தீங்கு செய்ய நினைக்கவில்லை. அழகான ஒன்றை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அது என்ன என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

நம் நாட்டிலும் நடந்தது

இது எங்கோ தூரத்தில் மட்டும் நடந்ததல்ல. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், டெல்லியில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் இதே போன்ற விபத்து நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு கருவி ஏலத்தில் போனது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது, அதை உடைத்தவர்களுக்குத் தெரியாது. ஒருவர் இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2000ஆம் ஆண்டில், தாய்லாந்தின் சமுத் பிரகான் என்ற ஊரில் 3 பேர் இறந்தார்கள். அங்கும் கோபால்ட்-60தான். பழைய இரும்புக் கடையில்தான். அந்தக் கருவியின் மேல் மூவிலைக் குறி இருந்தது. எச்சரிக்கை வாசகமும் இருந்தது. ஆனால் வாசகம் அந்த ஊர் மக்களின் மொழியில் இல்லை. குறியின் பொருளும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பார்த்தீர்களா? குறி இருந்தும் பயனில்லை, அதை வாசிக்கத் தெரிந்தால்தான் பயன்.

புதிய சிவப்பு முக்கோணம்

மூவிலைக் குறியைப் பற்றிப் படிக்காதவருக்கும் ஆபத்து புரிய வேண்டும். அதற்கு என்ன வழி? உலக நாடுகளின் அணுசக்தி முகமையும், பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் சேர்ந்து யோசித்தன. பல படங்களை வரைந்து, 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார்கள். இந்தியாவும் அந்த 11 நாடுகளில் ஒன்று. கடைசியில் எல்லாருக்கும் புரிந்த ஒரு படத்தை 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அறிவித்தார்கள்.

அந்தப் படம் எப்படி இருக்கும்? சிவப்பு நிற முக்கோணம். அதற்குள் மேலே மூவிலைக் குறி. அதிலிருந்து கதிர்கள் கீழ்நோக்கிப் பாய்கின்றன. கீழே ஒரு பக்கம் மண்டை ஓடும் எலும்பும். இன்னொரு பக்கம் ஓடும் மனிதன். அவன் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்ட ஓர் அம்புக்குறி. ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் வாசித்துவிடலாம். "இதிலிருந்து கதிர் வருகிறது. உயிர் போகும். ஓடு!"

இந்தச் சிவப்பு முக்கோணத்தைக் கதவுகளில் ஒட்ட மாட்டார்கள். மிக வலுவான கதிரியக்கப் பொருள் உள்ள கருவியின் உட்பகுதியில் ஒட்டுவார்கள். வெளி மூடியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். ஏன் தெரியுமா? தெரியாமல் உடைக்க வருபவரை அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்தத்தான். மஞ்சள் பலகை "கவனமாக இரு" என்கிறது. சிவப்பு முக்கோணம் "இனி ஒரு திருகாணியைக்கூடத் தொடாதே" என்கிறது.

மூன்று இறக்கை, மூன்று கட்டளை

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? மூன்று இறக்கைகளுக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வோம். நினைவில் வைத்துக்கொள்ள நாம் வைக்கும் பெயர்கள்தான் இவை.

முதல் இறக்கை: தொடாதே!

குப்பை மேட்டிலோ, பாழடைந்த கட்டடத்திலோ, பழைய இரும்புக் குவியலிலோ இந்தக் குறி போட்ட பொருளைக் கண்டால் கை வைக்காதீர்கள். குச்சியால் குத்தாதீர்கள், காலால் உதைக்காதீர்கள். பையில் போட்டு வீட்டுக்கோ பள்ளிக்கோ கொண்டு வராதீர்கள். துரு ஏறிக் குறி அழிந்து போயிருக்கவும் கூடும். அதனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அளவில் சின்னது, ஆனால் தூக்க முடியாத கனமாக இருக்கிறது என்றால் உள்ளே ஈயக் கவசம் இருக்கலாம். அதையும் தொட வேண்டாம். மினுமினுப்பது எல்லாம் விளையாட்டுப் பொருள் அல்ல.

இரண்டாம் இறக்கை: விலகு!

தூரமே முதல் கவசம். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சிறு கதிரியக்கப் பொருளிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். 2 மீட்டருக்கு நகர்ந்தால் உங்கள் மேல் படும் கதிர் பாதி ஆகுமா? இல்லை, கால் பங்காகக் குறைந்துவிடும்! 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. 10 மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வோர் அடியும் உங்களுக்குப் பாதுகாப்பு. எவ்வளவு குறைந்த நேரம் அருகில் இருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. இடையில் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. நேரம், தூரம், தடுப்பு ஆகிய மூன்றையும் நம்பித்தான் கதிர்வீச்சோடு தினமும் வேலை செய்பவர்களும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். நண்பர்கள் அருகில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு விலகுங்கள்.

மூன்றாம் இறக்கை: சொல்!

உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் 112 என்ற அவசர எண்ணில் போலீசுக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவிப்பார்கள். பொருள் எங்கே கிடக்கிறது, என்ன நிறம், யார் யார் தொட்டார்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். "சும்மா இருடா, ஏதோ பழைய டப்பா" என்று ஒருவர் தட்டிக் கழித்தால் விட்டுவிடாதீர்கள். இன்னொருவரிடம் சொல்லுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்து அகற்ற நம் நாட்டில் பயிற்சி பெற்ற வல்லுநர்கள் இருக்கிறார்கள். மும்பையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இயங்கி வருகிறது. தகவல் போய்ச் சேர்ந்தால்தானே அவர்கள் வர முடியும்?

கொய்யானியாவில் 15 நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண்மணி சொன்ன பிறகுதான் நகரமே விழித்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருப்பார்களோ!

தெரியாமல் தொட்டுவிட்டால்?

பயந்துபோய் ஒளிந்துகொள்ளாதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கவும் கூடாது. இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

வெயிலில் நிற்கிறீர்கள். உடம்பு சுடுகிறது. நிழலுக்கு வந்ததும் வெயில் உங்கள் கூடவே வருமா? வராது. எக்ஸ்ரே அப்படித்தான். படம் எடுத்து முடிந்ததும் கதிர் நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரிடமிருந்து மற்றவர்க்கு எதுவும் பரவாது.

ஆனால் சேற்றில் விழுந்தால்? சேறு காலோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். படுக்கையிலும் ஒட்டும், தட்டிலும் ஒட்டும். கொய்யானியாவில் அந்தத் தூள் இப்படித்தான் பரவியது. எனவே சந்தேகமான தூளையோ உடைந்த பொருளையோ தொட்டுவிட்டால், கையை வாயிலும் கண்ணிலும் வைக்காதீர்கள். எதையும் சாப்பிடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, மேலுடையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆட்கள் நடமாடாத இடத்தில் வையுங்கள். சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். கல்லால் தேய்க்கக் கூடாது. தோல் கீறினால் தூள் உள்ளே போய்விடும். பிறகு டாக்டரிடம் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

சொன்னதால் கிடைத்த வெற்றி

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆச்சரியம் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த் நகரத்துக்கு லாரியில் கொண்டு போன கருவியிலிருந்து சீசியம்-137 அடங்கிய சின்னஞ்சிறு குப்பி தொலைந்துவிட்டது. உயரம் 8 மில்லிமீட்டர், அகலம் 6 மில்லிமீட்டர். பட்டாணி அளவுதான்! லாரி போன பாதையின் நீளமோ சுமார் 1,400 கிலோமீட்டர்!

அரசாங்கம் விஷயத்தை மறைக்கவில்லை. குப்பியின் படத்தை வெளியிட்டது. "கண்டால் தொடாதீர்கள், 5 மீட்டருக்கு மேல் விலகி நில்லுங்கள், உடனே தகவல் சொல்லுங்கள்" என்று மக்களுக்கு அறிவித்தது. நம்முடைய மூன்று இறக்கைகளும் அந்த ஒரே அறிவிப்பில் இருக்கின்றன, பாருங்கள்! கதிர்வீச்சை உணரும் கருவிகளோடு வண்டிகள் சாலை நெடுகத் தேடின. பிப்ரவரி 1ஆம் நாள், சாலையோரத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளிக் கிடந்த குப்பியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வைக்கோல் போரில் ஊசியைத் தேடி எடுத்த கதைதான்!

ஒன்றுபோல் இருக்கும், ஒன்றல்ல!

ஆஸ்பத்திரிக் கழிவுகளைப் போடும் பையில், மூன்று பிறை நிலாக்கள் கோத்துக்கொண்டிருப்பது போல ஒரு குறி இருக்கும். அது மூவிலைக் குறி அல்ல. "இதில் நோய்க் கிருமிகள் இருக்கலாம்" என்பது அதன் பொருள். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதை உருவாக்கினார்கள். மஞ்சள் முக்கோணத்துக்குள் நட்சத்திரம் வெடித்தது போல் இருந்தால் அது லேசர் ஒளிக்கான எச்சரிக்கை. குறிகள் வேறு வேறானாலும் தொடாதே, விலகு என்ற பாடம் எல்லாவற்றுக்கும் பொதுதான்.

நீங்களே வரையுங்கள்!

ஜியாமெட்ரி பாக்ஸை எடுங்கள். காம்பஸால் ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். ஆரங்கள் 1 செ.மீ., 1.5 செ.மீ., 5 செ.மீ. பாகைமானியை வைத்து வட்டத்தை 60 பாகை வீதம் ஆறு பங்காகப் பிரியுங்கள். நடு வட்டத்துக்கு முழுவதும் கறுப்பு அடியுங்கள். இரண்டாம் வட்டத்துக்கும் மூன்றாம் வட்டத்துக்கும் இடையில், ஒன்று விட்டு ஒன்றாக மூன்று பங்குகளுக்குக் கறுப்பு அடியுங்கள். ஓர் இறக்கை நேர் கீழே பார்த்தபடி இருக்கட்டும். மீதி இடத்துக்கு மஞ்சள். அவ்வளவுதான், அளவு பிசகாத மூவிலைக் குறி தயார்!

வரைந்த படத்தை நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்காக வகுப்புக் கதவிலோ நண்பனின் சைக்கிளிலோ ஒட்டிவிடாதீர்கள். 'புலி வருது' கதை தெரியும்தானே? பொய்யாகப் பலமுறை பார்த்த குறியை, நிஜமாகத் தேவைப்படும் நாளில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

படத்தின் பொருளை இன்று மூன்று பேருக்காவது சொல்லிக் கொடுங்கள். ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். இன்னொருவர் உங்கள் நண்பராக இருக்கட்டும். மூன்றாமவர், உங்கள் தெருவுக்குப் பழைய இரும்பு வாங்க வரும் அண்ணனாக இருக்கட்டும். இந்தக் குறியை எல்லாரையும்விட முதலில் சந்திக்கப் போகிறவர் அவராகக்கூட இருக்கலாம், இல்லையா?